இரண்டு விரல் துணி: ஒஸ்லோவில் தைத்த ஃபிளமெங்கோச் சட்டை

ஃபிளமெங்கோ உடுப்பு வாங்க எல்லோரும் ஸ்பெயினுக்குப் போவார்கள். நான் பாரிஸில் இருந்து ஒஸ்லோவுக்குப் போனேன், அதுவும் பெப்ரவரி மாதத்தில். மலிவான ரயில், சுமாரான விடுதி, ஏமாற்றாத சாப்பாட்டுக் கடை என்று இந்தப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவள் சட்டை, சப்பாத்து பற்றி எழுதுகிறாளே என்று யோசிப்பீர்கள். இதுவும் பயணக் குறிப்புதான், ஆனால் சந்தோஷமான குறிப்பு அல்ல. சாப்பிட்டுக்கொண்டே வாசிக்கும் பழக்கம் உள்ளவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு வாருங்கள்.

என் தங்கை சுகி ஒஸ்லோவின் தென்கிழக்கில் ஹொல்ம்லியாவில் அம்மாவோடு இருந்தாள். முப்பத்தொன்பது வயது, கல்யாணம் செய்யவில்லை. பகலில் பார்ணஹாகேயில், அதாவது நம்மூரில் பாலர் பள்ளி என்போமே, அங்கே வேலை. வாரத்தில் இரண்டு மாலை ஃபிளமெங்கோ வகுப்பு. சின்ன வயதில் எங்கள் இருவரையும் பரதநாட்டியத்துக்கு விட்டார்கள். நான் பாதியில் ஓடிவிட்டேன். அவள் அரங்கேற்றமும் முடித்து, சில வருடம் சும்மா இருந்து, வெறுங்காலில் ஆடியது போதும், இனிச் சப்பாத்துப் போட்டு ஆடுகிறேன் என்று இதற்குப் போய்ச் சேர்ந்தாள். போன வருடம் வயிற்றில் ஒரு கட்டி வந்தது. தை மாதத்துக்குள் அது ஈரலுக்கும் போய்விட்டது. இனிக் கொடுக்கும் மருந்து நோவைக் குறைக்க மட்டும்தான் என்று டாக்டர்மார் சொல்லிவிட்டார்கள்.

அதற்கு அடுத்த வாரம் போன் எடுத்தாள்.

“அக்கா, மார்ச்சில எங்கட வகுப்பின்ர விழா இருக்கு. எனக்கொரு சட்டை தைக்கோணும். நீ வா.”

“எனக்கு உந்தச் சட்டையளைப் பற்றி என்ன தெரியும்? நீயே போய்த் தையன்.”

“நான் அதை ரெண்டு தரம் போடுவன். முதல் தரம் நானே போட்டுக்கொள்ளுவன். ரெண்டாந்தரம் நீதான் போட்டுவிடோணும்.”

 அவளே தொடர்ந்தாள்.

“அம்மா கூறை ஒண்டு வச்சிருக்கிறா, தெரியும்தானே. விட்டா அதைத்தான் கட்டிவிடுவா. எனக்கு அது வேண்டாம் அக்கா. ஆனா இப்ப அம்மாட்டைச் சொல்லிப்போடாதை.”

கூறை என்றால் கல்யாணச் சேலை. எங்கள் பக்கத்தில் சில வீடுகளில், கல்யாணம் ஆகாமல் ஒரு பெண் செத்துப்போனால் அவளுக்குக் கூறை கட்டித்தான் அனுப்புவார்கள். சுகிக்கு இருபத்தாறு வயதில் அம்மா யாழ்ப்பாணம் போய் அந்தக் கூறையை வாங்கி வந்தார். வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் சுகி திருப்பி அனுப்பினாள். கூறை மட்டும் அலுமாரியில் இருந்தது.

அன்றைக்கே டிக்கெட் எடுத்தேன். பாரிஸில் இருந்து இரண்டரை மணி நேரப் பறப்பு, ஒரு பெட்டியோடு 148 யூரோ. கார்டர்மூன் விமான நிலையத்தில் இறங்கியதும் வேக ரயில் என்று பெரிதாக எழுதி உங்களை இழுப்பார்கள். போகாதீர்கள். சாதாரண ரயில் நாலைந்து நிமிடம்தான் பிந்தும், காசு ஏறக்குறையப் பாதி. ஒஸ்லோ மத்திய நிலையத்தில் இறங்கி உள்ளூர் ரயில் பிடித்தால் கால் மணி நேரத்தில் ஹொல்ம்லியா. விமான நிலையத்தில் எடுத்த டிக்கெட்டே அதற்கும் செல்லும். நான் முதல் தரம் தெரியாமல் இரண்டாவது டிக்கெட் எடுத்தேன்.

ஹொல்ம்லியாவில் அன்று மைனஸ் ஒன்பது. நிலையத்தில் இருந்து வீட்டுக்குப் பத்து நிமிட ஏற்றம், முழுக்கக் கண்ணாடிப் பனி. அம்மா எனக்காக ஒரு சோடி ப்ரொடர் கொண்டுவந்திருந்தார். சப்பாத்துக்குக் கீழே மாட்டும் ரப்பர் வளையம், அதில் சின்னச் சின்ன ஆணிகள். குளிர்காலத்தில் ஒஸ்லோ போகிறவர்கள் கம்பளித் தொப்பியை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. அம்மா இருபத்தெட்டு வருடம் அந்த ஊர் அலுவலகங்களைத் துப்புரவு செய்து இளைப்பாறியவர், எழுபத்து மூன்று வயது. ஆணியைக் குத்திக் குத்தி என் முன்னால் நடந்தார். சுகியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வாசலில் நின்று மட்டும், “மெலிஞ்சுபோனாள். பார்த்து அழுதுபோடாதை,” என்றார்.

மெலிந்துதான் இருந்தாள். தலையில் முடி இல்லை. கண் மட்டும் பழைய குறும்போடு இருந்தது. “என்ன, பிரெஞ்சுக்காரி கொழுத்துப்போனா,” என்றாள். நான் அழவில்லை. குளியலறைக்குப் போய் அழுதேன்.

மறுநாள் மூன்று பேரும் தையல்காரியிடம் போனோம். அம்மாவைக் கூட்டிப்போக எனக்கு விருப்பம் இல்லை. சுகிதான், அம்மா தெரிந்தெடுத்ததாக இருக்கட்டும் என்று சொன்னாள். அவள் கணக்கு எனக்கு விளங்கியது: தானே எடுத்துக் கொடுத்ததை அம்மா பிறகு மறுக்கமாட்டார். ஒஸ்லோவில் இதற்கென்று பெரிய கடை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. கிரூனர்லெக்கா என்ற பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் கீழ் அறையில் பிலார் என்ற ஸ்பானியப் பெண் தைக்கிறாள், கொஞ்சம் வரவழைத்தும் விற்கிறாள். ட்ராம் நிறுத்தத்தில் இருந்து மூன்று நிமிட நடை. முதலிலேயே பேசி நேரம் வாங்கிக்கொண்டு போங்கள், சும்மா போனால் கதவு பூட்டியிருக்கும்.

ஃபிளமெங்கோச் சட்டை ஒரே வகை என்று நினைத்துக்கொண்டு போனேன். இல்லை. திருவிழாவுக்குப் போடுவது ஒன்று: தொடை வரை உடம்போடு ஒட்டி, கீழே அடுக்கடுக்காகச் சுருக்கு வைத்தது. பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் முழங்காலை மடக்க விடாது. மேடையில் ஆடுவதற்குப் போடுவது வேறு: இடுப்பில் இறுக்கி, அதற்குக் கீழே விரிந்து, கால் எங்கே போகிறதோ அங்கே துணியும் போகும். இன்னொன்று, பின்னால் ஒரு நீள வால் வைத்தது. அதைக் காலால் எத்தி எறியப் பழக வருடக்கணக்காகும், புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். எதை வாங்கினாலும் போட்டுப் பார்க்கும்போது கண்ணாடிக்கு முன்னால் பொம்மை மாதிரி நிற்காதீர்கள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குங்கள். முழங்காலை மடக்கி அரைமண்டியில் இருங்கள். ஒரு கதிரையில் உட்கார்ந்து எழும்புங்கள். கையைத் தூக்கும்போது இடுப்புத் தையலும் கூட எழும்பினால் அது உங்கள் சட்டை இல்லை. இதெல்லாம் சுகி செய்து காட்டியது. மூன்றாவது தரம் உட்கார்ந்தவள் எழும்பக் கொஞ்ச நேரம் எடுத்தாள், பிலார் அளவு நாடாவைச் சுற்றுவதுபோல் திரும்பி நின்றாள்.

“பருத்தி வேணும்,” என்றாள் சுகி. மேடைச் சட்டைகளுக்குப் பெரும்பாலும் வழுவழுப்பான செயற்கைத் துணிதான் பிலார் வைத்திருந்தாள். அது கசங்காது, பாரமும் குறைவு. சுகி பிடிவாதமாக நின்றாள். இரண்டாந்தரத்துக்கு, அதாவது எரிக்க அனுப்பும்போது, நைலோன் கூடாது என்று அவள் ஏற்கனவே விசாரித்து வைத்திருந்தது எனக்கு மட்டும் தெரியும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நிறத்தில்தான் சண்டை வந்தது. வகுப்பில் எல்லோரும் கறுப்பு. அம்மா கறுப்பைத் தொடவே விடவில்லை. “விழாவுக்கு ஆரும் கறுப்புப் போடுவினமே?” வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்பை பிலார் விரித்தாள். “புள்ளிச் சட்டை சின்னப் பிள்ளையளுக்கு,” என்று அதையும் தள்ளிவிட்டார். பிறகு அடியில் இருந்து ஒரு துணிக்கட்டைத் தானே இழுத்தெடுத்து, விரலுக்கிடையில் வைத்துக் கசக்கிப் பார்த்து, அதைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். பிலார் பதறிப்போய்ப் பின்னால் ஓடினாள். துணிக் கடை விளக்கை நம்பக் கூடாது, வெயிலில் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் அம்மாமாருக்கு இரத்தத்தில் ஊறியது. ஒஸ்லோவில் பெப்ரவரியில் வெயிலுக்கு எங்கே போவது? பனிக்குவியலுக்குப் பக்கத்தில் நின்று, சாம்பல் வெளிச்சத்தில், துணியை முகத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ட்ராமுக்கு நின்ற சனமெல்லாம் பார்த்தது.

“இதை எடு. நல்ல அரக்கு. உனக்கு எடுப்பா இருக்கும்.”

அரக்குச் சிவப்புத்தான் கூறையின் நிறமும். அதை அம்மா நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது. சுகி என்னைப் பார்த்தாள். 

அளவெடுக்கும்போது அம்மா இன்னொரு வில்லங்கத்தைத் தொடங்கினார். பிலார் இடுப்பைச் சுற்றி நாடாவை இறுக்கியதும், “உள்ளுக்குத் துணி விடச் சொல்லு,” என்றார். “ரெண்டு பக்கமும், முதுகிலயும். ரெண்டு விரல் விடட்டும். உடம்பு தேறினாப் பிறகு இளக்கலாம்.”

நம்மூரில் சட்டை தைத்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. வளரும் பிள்ளைக்கும், கல்யாணத்துக்குப் பிறகு உடம்பு வைக்கும் பெண்ணுக்கும் ரவிக்கையில் உள்ளே துணி விட்டு, இரண்டு மூன்று தையல் ஓடி வைப்பார்கள். வேண்டும்போது ஒரு தையலைப் பிரித்தால் போதும். பிலாருக்கு இது புரியவில்லை. சுகிதான் நோர்வேஜிய மொழியில் மாற்றிச் சொன்னாள்: நான் தேறின பிறகு இளக்குவதற்காம் என்று, குரல் ஒரு சொல்லிலும் மாறாமல்.  அவ்வளவு துணி உள்ளே இருந்தால் இடுப்பில் தடிப்பாகத் தெரியும், ஆடுகிற சட்டைக்கு அது அழகில்லை என்றாள் பிலார். சுகி அம்மாவின் பக்கமே திரும்பாமல், அம்மா சொன்னபடியே விடுங்கள் என்றாள்.

திரும்பும்போது அம்மாவை முன்னால் நடக்க விட்டுவிட்டு அவளோடு மெல்லச் சண்டை பிடித்தேன். அம்மாவை ஏன் இப்படி ஏமாற்றுகிறாய், சொல்லிவிடு என்று. “சொன்னா அம்மா என்ன செய்வா? இப்பவே அழத் தொடங்குவா. ரெண்டு விரல் துணியாலை எனக்கென்ன நட்டம்?” என்றாள்.

சப்பாத்துக்கு வருவோம். ஃபிளமெங்கோச் சப்பாத்தின் முன் அடியிலும் குதியிலும் நெருக்க நெருக்கமாக ஆணி அறைந்திருக்கும். ஒலி அதில் இருந்துதான் வருகிறது. குதி ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம், தொடங்குகிறவர்களுக்கு அகலக் குதிதான் நல்லது. பெருவிரலைப் பிடித்த மாதிரி இறுக்கமாக இருக்க வேண்டும், ஒரு அளவு பெரிதாக எடுத்தால் கால் உள்ளே வழுக்கி நகம் கறுத்துப்போகும். கொக்கியில் பூட்டும் வார் வைத்ததை எடுங்கள், ஆடும்போது கழன்று பறக்காது. சுகியிடம் பழைய சப்பாத்து இருந்தது. மருந்தால் அவள் பாதம் இரண்டும் விறைத்து, உணர்ச்சி குறைந்து, சுருங்கியிருந்ததால் ஒரு அளவு சின்னதாகப் புதிதாக எடுத்தோம். 1,900 குரோனர். பிலாரின் மரத் தரையில் நின்று தட்டிப் பார்த்தாள்.

“நிலத்தில முட்டுதோ இல்லையோ எண்டு கால் சொல்லுறதில்லை அக்கா,” என்றாள். “காதுதான் சொல்லுது.”

அம்மா குனிந்து ஆணிகளைத் தடவிப் பார்த்துவிட்டு, “பனிக்கும் ஆணி, ஆட்டத்துக்கும் ஆணி,” என்றார். அந்த ஒரு வாரத்தில் அம்மா சிரித்தது அப்போது மட்டும்தான்.

மற்ற அலங்காரங்கள் சுருக்கமாக. தோளில் போடும் குஞ்சம் வைத்த பெரிய சால்வை விலை கூடியது, பாரம், குஞ்சம் காதணியில் போய்ச் சிக்கும். முதல் வருடம் தேவையில்லை. சுகி அதை ஒரு தரம் தோளில் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். காதணி பெரிதாக இருக்கலாம், ஆனால் பாரமற்ற பிளாஸ்டிக்காக இருக்கட்டும். கொண்டையில் குத்தும் சீப்பும் பூவும் முடி உள்ளவர்களுக்கு. முடி போனவர்களுக்கு நான் ஒரு வழி சொல்கிறேன்: கறுப்புப் பருத்தித் துணியைத் தலையில் இறுக்கிக் கட்டி, பூவை அதிலேயே தைத்துவிடுங்கள். ஊசி தோலில் குத்தாது. அதை அம்மா அன்று இரவே தைத்துக் கொடுத்தார்.

சட்டை 5,200 குரோனர், மூன்று வாரத்தில் தரலாம் என்று பிலார் சொன்னாள், சொன்னபடி தந்தாள். நான் அதற்கு முன்பே பாரிஸ் திரும்பிவிட்டேன். விழாவுக்குப் போக விடுமுறை கிடைக்கவில்லை. அம்மா போனில் வீடியோ எடுத்து அனுப்பினார். படத்தில் முன்னால் இருந்தவரின் தலையும் அம்மாவின் பெருவிரலும் தெரிகின்றன. சுகி தெரியவில்லை. ஆனால் ஆணிச் சத்தம் கேட்கிறது. இரண்டு நிமிடம் கேட்கிறது, பிறகு நின்றுவிடுகிறது, மற்றவர்கள் ஆடுகிறார்கள். அவள் கதிரையில் உட்கார்ந்து மிச்ச நேரம் கைதட்டினாள் என்று அம்மா சொன்னார். அதோடு முதல் தரம் முடிந்தது.

மே மாதம் பதினாறாம் தேதி பின்னேரம் ஆஸ்பத்திரியில் சுகி செத்துப்போனாள்.

மறுநாள் காலை விமானத்தில் போனேன். மே பதினேழு நோர்வேயின் தேசிய நாள். அன்றைக்குப் பயணம் செய்யாதீர்கள். கடை எல்லாம் பூட்டு, நகரத்தின் நடுவில் ட்ராம் ஓடாது, ரயிலில் நிற்க இடம் கிடையாது. அந்த ரயில் முழுக்க மனிதர்கள் தங்கள் ஊர் உடுப்போடு நின்றார்கள்: எம்பிராய்டரி செய்த கம்பளிப் பாவாடை, வெள்ளிப் பொத்தான், கொக்கி வைத்த சப்பாத்து. அவரவர் ஊருக்கு அவரவர் நிறம். வடிவாக இருந்தார்கள், அந்த வடிவு எனக்கு எரிச்சலாக இருந்தது. பக்கத்தில் நின்ற வயதான பெண் சிரித்து என் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னார். அன்று எல்லோருக்கும் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் திருப்பிச் சொன்னேன்.

அம்மாவிடம் அன்று மாலை சொன்னேன். சுகி என்ன கேட்டாள், ஏன் பருத்தி, ஏன் என்னைக் கூப்பிட்டாள், எல்லாம். அம்மா எழும்பிப்போய் அலுமாரியில் இருந்து கூறையை எடுத்துத் துணிப்பையில் வைத்தார். சட்டையை நான் என் பையில் வைத்தேன். இரண்டு பையும் இரவு முழுக்க வாசலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

மூன்றாம் நாள் சுகிக்கு உடுப்பு மாற்றப் போனோம். அந்த நாட்டில் இறுதிக் காரியம் நடத்தும் நிறுவனங்கள் குடும்பத்தைக் கூட நிற்க விடுகின்றன. முதலே கேட்டு வைக்க வேண்டும். எங்களோடு அங்கே வேலை செய்யும் ஒரு பெண் நின்றாள், மெல்லப் பேசுகிற, அவசரப்படுத்தாத பெண். சப்பாத்தைக் காட்டினேன். எரிக்கும் இடத்தில் அவ்வளவு ஆணியை ஏற்கமாட்டார்கள் என்றாள். சரி, வெறுங்கால். ஆசையாய்ச் சப்பாத்துக்கு மாறியவள் கடைசியில் பரதநாட்டியக்காரி மாதிரிப் போகிறாள் என்று நினைத்தேன், அடுத்த நிமிடம் அப்படி நினைத்ததற்காக எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

சட்டை ஏறவில்லை. கடைசி வாரங்களில் சுகியின் வயிற்றில் நீர் கட்டி, இடுப்பெல்லாம் வீங்கியிருந்தது. பின்பக்கத்துச் சிப் பாதியில் நின்றது. மூன்று பேர் பிடித்தும் நாலு விரலுக்கு மேல் இடைவெளி. அந்தப் பெண், பின்னால் வெட்டி மேலே போர்த்திவிடலாம், யாருக்கும் தெரியாது, வழமையாக அப்படித்தான் செய்வோம் என்றாள்.

 “அம்மா, கூறையைக் கட்டுவம்,” என்றேன். சேலைக்கு அளவு இல்லை. அது எந்த உடம்புக்கும் காணும்.

அம்மா கூறைப் பையைத் தொடவில்லை. “அவள் இந்தச் சட்டையைத்தானே கேட்டவள்?”

“ஓம் அம்மா.”

“உன்னட்டைத்தானே சொன்னவள்?”

“ஓம்.”

“வெட்ட வேண்டாமெண்டு அந்தப் பிள்ளைக்குச் சொல்லு. பிளேட் ஒண்டும் ஊசிநூலும் கேள்.”

சட்டையைக் கழற்றி வாங்கி, கதிரையில் உட்கார்ந்து, உள்பக்கத்தைப் புரட்டினார். பிலார் சொன்னபடி விட்டிருந்தாள். இரண்டு பக்கமும், முதுகிலும், அரக்குத் துணி மடிந்து கிடந்தது. அம்மா பிளேட்டின் முனையால் தையலை ஒவ்வொன்றாக அறுத்தார். நூல் துண்டுகளைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டார். பிறகு ஓரத்தில் புதிதாக ஓடித் தைத்தார்.  ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. அந்தப் பெண் கதவருகில் நின்று ஒருதரமும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை, அதற்கு அவளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இரண்டாந்தரம் சட்டை ஏறியது. சிப் மேலே வரை போனது. பூ வைத்த கறுப்புத் துணியை அம்மாவே தலையில் கட்டினார். “ரெண்டு விரல் விட்டனான்தானே,” என்றார். எனக்குச் சொன்னாரா சுகிக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. அப்போதுதான் அழுதார். நானும் அழுதேன், இந்தத் தரம் குளியலறைக்குப் போகவில்லை.

இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியவை. ஒஸ்லோவுக்கு மே பதினேழை ஒட்டி டிக்கெட் எடுக்காதீர்கள். ஆணி வைத்த சப்பாத்தைக் கையில் கொண்டுபோகும் பையில் வைக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் நிறுத்தி வெளியே எடுத்துக் காட்டச் சொல்வார்கள். யாருடையது என்றும் கேட்பார்கள். நான் என்னுடையது என்றேன். எனக்கு அது இரண்டு அளவு சின்னது. இப்போது பாரிஸில் என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. நோயாளிக்கு உடுப்பு எடுக்கப் போனால் காலையில் போங்கள், கடையில் கதிரை இருக்கிறதா என்று முதலே கேளுங்கள். அவர் கேட்கும் துணியை ஏன் என்று கேட்காமல் எடுங்கள்.

தைக்கக் கொடுக்கும்போது உள்ளே துணி விடச் சொல்லுங்கள், இடுப்பு தடிப்பாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. ஒன்று மட்டும்: இளக்கிய பிறகு பழைய தையல் போன இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். பருத்தி என்றால் நகத்தால் மெல்லத் தேய்த்தால் மூடிவிடும். அம்மாவும் அன்று சுகிக்குப் போட்ட சட்டையில் அப்படித்தான் தேய்த்தார், ஒரு பக்கம் முடித்து மறுபக்கம். நிறுவனத்துப் பெண் வந்து சவப்பெட்டியை மூடலாமா என்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் தெரியுது, பொறுங்கோ என்று அம்மா தமிழிலேயே சொல்லிவிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.